காய்ந்த கதிரும் காத்த குதிரும்

உழவர் குடியிற் பிறந்து, அலுவலின் பொருட்டு ஊர்விட்டு வந்து, குஜராத்து மண்ணில் நிலைகொண்ட தமிழ்க் குடும்பங்கள் பல. கோடை விடுமுறையில் ஊருக்குப் போய்த் திரும்புகையில் புழுங்கலரிசி, புளி, மிளகாய் வற்றல், கொப்பரை, வேர்க்கடலை என்று பெட்டி கொள்ளாமல் கட்டிக்கொண்டு வருகிறோம். ஆனியில் இங்கே மழை தொடங்குகிறது. ஆவணி பிறப்பதற்குள் ஒருநாள், டின்னின் மூடியைத் திறக்கும் இல்லத்தரசியின் முகம் சுருங்குகிறது. கடலையின்மேல் பச்சை படர்ந்திருக்கிறது. கொப்பரையில் கறுப்புப் புள்ளி. அரிசியிலிருந்து மக்கிய வாடை. “ஊரிலே பாட்டி வீட்டில் ஆண்டு முழுதும் நெல் கிடந்ததே, ஒருநாளும் இப்படிக் கண்டதில்லையே!” என்ற பேச்சு அப்போது எழுகிறது.

அந்தப் பேச்சில் ஒரு வரலாற்று வினா அடங்கியுள்ளது. ஒரு குடும்பம் தன் விளைச்சலைப் பூசணம் அணுகாமல் காப்பதும், மற்றொரு குடும்பம் காக்கத் தவறுவதும் எதனால்? அறிந்தோர் காத்தனர், அறியாதோர் இழந்தனர் என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடுவது எளிது. ஆயினும் இந்நாட்டில் மக்கள் தானியம் சேமித்த வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போமாயின், அவ்விடை போதாது என்பது விளங்கும்.

ஈரமே முதற்பகை

நெல்லும் சோளமும் களத்துக்கு வந்த பின்னும் உயிருள்ள பொருள்களே. அவை மூச்சுவிடுகின்றன. ஈரம் மிகுந்தால் மூச்சும் மிகும்; அதனால் குவியலுக்குள் வெப்பம் எழும். வெப்பத்தால் கிளம்பும் நீராவி குளிர்ந்த பக்கத்தை நாடிச் சென்று படியும். அங்கே பூசணம் கண் திறக்கும். நூற்றுக்கு 14 பங்குக்கு மேல் ஈரம் உள்ள நெல்லை நெடுநாள் வைத்திருத்தல் அரிது. மாதக்கணக்கில் வைப்பதாயின் 12 அல்லது 13 பங்கு வரை உலர்த்துதல் நலம். எண்ணெய்ச் சத்து மிக்க வேர்க்கடலைக்கோ ஏழெட்டுப் பங்குக்கு மேல் ஈரம் ஆகாது.

இவ்வெண்கள் அண்மைக் காலத்தன. ஆனால் இவை சுட்டும் உண்மை மிகப் பழையது. களத்து மேட்டில் நெல்லை ஒன்று எடுத்துப் பல்லால் கடித்து, அது நொறுக்கென்று ஒடிந்தால்தான் “காய்ச்சல் போதும்” என்று கூறிய உழவனிடம் ஈரமானி இருந்ததில்லை. குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுச் சூடு பார்த்த பாட்டியிடம் வெப்பமானியும் இருந்ததில்லை. இருவர் கணக்கும் பெரும்பாலும் பிழைத்ததில்லை.

முன்னோர் வகுத்த முறை

1909-ஆம் ஆண்டு மைசூரில் அச்சேறிய கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம், பண்டசாலைத் தலைவனின் கடமைகளைக் கூறுமிடத்து, தானியத்தைத் தரையினின்றும் உயர்த்தி வைக்க வேண்டும் என்கிறது. சேமிப்பில் பாதியைக் குடிமக்களின் இடர்க்காலத்துக்கென ஒதுக்கி, மறுபாதியைப் புழங்கி, பழையதை எடுத்த இடத்தில் புதியதை நிரப்ப வேண்டும் என்றும் விதிக்கிறது. உயரம், ஒதுக்கீடு, சுழற்சி என்னும் இம்மூன்றும் இன்றைய கிடங்கு விதிகளிலும் மாறாதவை.

தமிழகத்துக் குதிரிலும் இவ்வறிவையே காண்கிறோம். வைக்கோலைக் கலந்து பிசைந்த களிமண்ணை உறை உறையாக வனைந்து, உலர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூட்டுவாயை மண்ணால் பூசுவர். அடியில் கல் கொடுத்துத் தரையின் ஈரம் ஏறாமல் தடுப்பர். மேல்வாயை மூடிச் சாணமும் மண்ணும் கொண்டு மெழுகிவிடுவர். அடிப்புறத்துத் துளையின் அடைப்பைத் திறந்து அன்றாடத் தேவைக்கு நெல் எடுப்பர். மேலே திறவாமையால் மழைக்காலத்துக் காற்று உள்ளே புகுவதில்லை. முதலில் போட்ட நெல்லே முதலில் வெளிவருகிறது. மரம் மலிந்த ஊர்களில் பத்தாயம் இத்தொழிலைச் செய்தது. விதைநெல்லை வைக்கோற் புரியால் இறுகச் சுற்றிச் சாணம் மெழுகிய கோட்டைகளில் வைத்தனர். துவரையைச் செம்மண்ணில் பிசைந்து காயவைத்தனர். நொச்சியும் வேம்பும் வண்டுக்குப் பகையாயின.

கோயில்களும் களஞ்சியம் காத்தன. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில், பதினேழாம் நூற்றாண்டில் நாயக்கர் காலத்தில் எழுந்த வட்டவடிவ நெற்களஞ்சியம் மூவாயிரம் கலம் கொள்ளுமாறு அமைந்தது. திருவரங்கத்துக் கொட்டாரங்களும் அவ்வினத்தனவே.

தமிழகத்துக்கு மட்டுமே உரிய சிறப்பு இது என்று நாம் பெருமை பேசுதல் பொருந்தாது. வங்கத்தில் கோலா என்றும் மராய் என்றும் கூறப்படும் நெற்கூடுகள் தரைக்கு மேல் உயர்ந்து நிற்கும். அங்கே வெள்ளமே பெரும்பகை. கன்னட நாட்டிலோ மேட்டு நிலத்தில் குழி தோண்டிக் கேழ்வரகை உள்ளே கொட்டி மூடினர். 1800-1801-இல் அந்நாட்டினூடே பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் இக்குழிகளைப் பற்றி எழுதியுள்ளார். வறண்ட மண்ணில், காற்றோட்டமற்ற குழிக்குள், கேழ்வரகு ஆண்டுக்கணக்கில் கெடாமல் கிடந்தது. வடகிழக்கு மலைவாழ் மக்கள் அடுப்புக்கு மேலுள்ள பரணில் மக்காச்சோளக் கதிரைத் தொங்கவிட்டனர்; புகையும் அனலும் ஈரத்தை விரட்டின. நாம் வாழும் இக்குஜராத்தின் சிற்றூர்களிலும் மண்ணால் ஆன ‘கோட்டி’யைச் சுவரோரம் காணலாம். நம் குதிரின் உடன்பிறப்பு என்று அதனைக் கூறத் தோன்றும்.

வங்கத்துக் கூட்டைக் கொண்டுபோய்க் கன்னட நாட்டுக் குழிக்குள் வைத்தால் பயன்படாது. அவ்வவ் ஊரின் மழையும் மண்ணுமே அவ்வவ் ஊரின் முறையை வகுத்தன. இல்லங்களை நெறிப்படுத்திய முதற்காரணம் இது.

பெருங்களஞ்சியமும் சிறு குதிரும்

1770-ஆம் ஆண்டின் வங்கப் பெரும்பஞ்சத்துக்குப் பின், இனியொரு பஞ்சம் வாராமல் தடுக்கக் கருதிய கிழக்கிந்தியக் கம்பெனியார், பாட்னாவில் கோல்கர் என்னும் மாபெருங் களஞ்சியத்தைக் கட்டினர். கேப்டன் ஜான் கார்ஸ்டின் அமைத்த அக்கட்டடம் 1786-இல் நிறைவுற்றது. தேன்கூடு போன்ற வடிவம். ஏறக்குறைய 29 மீட்டர் உயரம். உச்சிக்கு ஏற வளைந்து செல்லும் படிகள். மேலே கொண்டுபோய்த் தானியத்தைக் கொட்டிக் கீழே வாயில்வழி எடுப்பது திட்டம். ஒரு வகையில் அதுவும் மாபெருங் குதிரே! ஆனால் அது ஒருகாலும் முழுக்க நிரம்பியதில்லை.

பெருங்களஞ்சியம் கட்டிய அதே ஆட்சி, மறுபுறத்தில், சிறு குதிர்கள் காலியாகவும் காரணமாயிற்று. முற்காலத்தில் அரசிறை பெரும்பாலும் விளைச்சலில் ஒரு பங்காகக் களத்திலேயே அளக்கப்பட்டது. ரயத்துவாரி முறை வேரூன்றிய பின்னர் நிலவரி பணமாயிற்று. கிஸ்தித் தவணை அறுவடையை ஒட்டி வந்தது. கட்டுவதற்குக் கையில் காசில்லாத உழவன், நெல் காய்வதற்கு முன்பே அதை விற்றாக வேண்டும். அல்லது வட்டிக்கடைக்குப் போயாக வேண்டும். 1875-இல் பூனா, அகமத்நகர் மாவட்டங்களில் உழவர் திரண்டு கடன் பத்திரங்களைக் கொளுத்தியதை வரலாறு படித்தோர் அறிவர். அத்தகைய கடன் களத்து மேட்டிலேயே வந்து நிற்குமாயின், அங்கே மூன்று காய்ச்சலுக்குப் பொறுமை ஏது?

ஈண்டுதான் நம் வினாவுக்கான விடையின் முதல் இழை கிடைக்கிறது. தானியத்தை உலர்த்துதல் என்பது காத்திருத்தல். காத்திருப்பதற்குக் கடனற்ற கை வேண்டும். பரப்புவதற்கு இடம் வேண்டும். அந்த நாள்களில் உண்பதற்குப் பழைய தானியமும் வேண்டும். இவை உள்ள வீட்டில் அறிவு செயலாகிறது. இல்லாத வீட்டில் அறிவு இருந்தும் கை கட்டப்பட்டு நிற்கிறது.

எடையில் சிக்காத இழப்பு

விடுதலைக்குப் பின் நடுவண் அரசு சேமிப்பைப் பெரும்பணியாக மேற்கொண்டது. 1957-இல் மத்தியச் சேமிப்புக் கிடங்குக் கழகம் தோன்றியது. 1965-இல் இந்திய உணவுக் கழகம் பிறந்தபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சையிலேயே திறக்கப்பட்டது என்பது தமிழர்க்கு மகிழ்வளிக்கும் செய்தி. தில்லிக்கு அருகிலுள்ள ஹாப்பூரில் தானியச் சேமிப்பு ஆய்வும் பயிற்சியும் நடைபெற்றன. தானியப் பாதுகாப்பு இயக்கத்தின் வாயிலாகத் துத்தநாகம் பூசிய தகரக் குதிர்கள் சிற்றூர்களை எட்டின. தில்லி பூசா வேளாண் ஆய்வுக் கழகத்தார் வடித்த பூசாக் குதிர், பழைய மண்சுவரின் நடுவே பாலிதீன் தாளைப் புதைத்துப் புதுமை செய்தது. கைவினைஞனின் மண்ணையும் ஆய்வாளரின் தாளையும் இணைத்த இம்முயற்சி பாராட்டத்தக்கது.

எனினும் தகரக் குதிரில் ஓர் இடர் இருந்தது. நன்கு உலர்ந்த தானியத்தை அது எலியினின்றும் வண்டினின்றும் காத்தது. அரைகுறையாகக் காய்ந்ததைப் போட்டு மூடினாலோ, பகலில் சூடேறி இரவில் குளிரும் தகரத்தின் உட்புறம் வியர்த்தது. மூடியின்கீழ் பூசணம் பூத்தது. காய்ச்சலுக்குக் கலம் ஈடாகாது என்பதை இவ்வனுபவம் காட்டியது.

அக்காலத்திலேயே, தானிய இழப்பைக் கணக்கிட வி. ஜி. பான்சே தலைமையில் ஒரு குழு அமைந்தது. அறுவடைக்குப் பின் நேரும் மொத்த இழப்பு 9.33 விழுக்காடு என்றும், அதில் சேமிப்பில் மட்டும் நேர்வது 6.58 என்றும் அக்குழு மதிப்பிட்டது. அந்த 6.58-இல் எலிக்கு 2.50, பூச்சிக்கு 2.55, பறவைக்கு 0.85, ஈரத்துக்கு 0.68. கோப்புகளில் எண்களைக் கூட்டிக் கழிப்பதையே தொழிலாகக் கொண்ட நம் போன்றோரின் கண் இவ்வரிசையைக் கண்டதும் என்ன செய்யும்? பெரிய எண்ணின் மீது முதலில் நிற்கும். கடைசி எண்ணைக் கடந்துபோகும். எலியே எதிரி, வண்டே எதிரி. ஈரம் சிறு தொல்லை என்று முடிவு கட்டும்.

ஆனால் அக்கணக்கு எடையின் கணக்கு. எலி தின்றது எடையில் குறையும். பூசணம் பற்றிய தானியமோ எடையில் பெரிதாகக் குறைவதில்லை. அது நஞ்சாக மாறிக் குதிரிலேயே இருக்கிறது. அந்நஞ்சுக்கு அட்டவணையில் பத்தி இல்லை.

1974: அண்டை வீட்டுத் துயரம்

1960-இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் பல்லாயிரக்கணக்கில் மாண்டன. காரணம் தேடிய அறிஞர், அவற்றுக்கு இட்ட கடலைப் பிண்ணாக்கில் பூசண நஞ்சு இருக்கக் கண்டனர். அஸ்பெர்கில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூசணத்தின் பெயரிலிருந்து அதற்கு அஃப்லாடாக்சின் எனப் பெயரிட்டனர். ஈரலைத் தாக்கும் நஞ்சு அது. சாதாரணச் சமையலின் சூட்டுக்கு அது அழிவதில்லை. உலகம் அதனை அறிந்து பதினான்கு ஆண்டுகள் சென்ற பின், நம் அண்டையிலேயே அது மனித உயிர்களைக் கொண்டது.

1974-ஆம் ஆண்டின் இறுதி. குஜராத்தின் அன்றைய பஞ்சமகால் மாவட்டத்திலும், அதனை அடுத்த இராசத்தானத்துப் பான்ஸ்வாடா மாவட்டத்திலும் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட சிற்றூர்களில் மஞ்சட்காமாலை பரவிற்று. வயிறு நீர் கோத்து வீங்கிற்று. வீட்டு நாய்களுக்கும் அதே நோய் கண்டது. நோயுற்றோராகக் கணக்கிடப்பட்ட 397 பேரில் 106 பேர் இறந்தனர். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கே. ஏ. வி. ஆர். கிருஷ்ணமாச்சாரி முதலானோர் ஆராய்ந்து, குற்றவாளி மக்காச்சோளமே எனக் கண்டனர். அறுவடைக் காலத்தில் பருவந்தவறிப் பெய்த மழையில் கதிர் நனைந்திருந்தது. நனைந்ததைச் சரிவர உலர்த்தாமல் வீட்டில் வைத்து, நாள்தோறும் ரொட்டியாகச் சுட்டு உண்டனர். அவர்கள் பெரும்பாலும் பழங்குடி உழவர். மக்காச்சோளமே அவர்தம் முதன்மை உணவு.

பூசணம் பிடித்த சோளம் கெட்டது என்பது அம்மக்களுக்குத் தெரியாதா? பச்சை படர்ந்த மணியைக் கண்டால் எவர்க்கும் தெரியும். ஆயின் முந்திய வறட்சியில் பழைய தானியம் தீர்ந்துவிட்ட வீட்டில், நனைந்த சோளமே ஓராண்டின் உணவு. அதனை எறிந்துவிட்டு எதை உண்பது? ஈரம் காயும்வரை அடுப்பு அணைந்திருக்குமா? கௌடிலியர் ‘இடர்க்காலத்துக்குப் பாதி’ என்றார். அந்தப் பாதி வீட்டிலும் இல்லை. எட்டும் தொலைவிலும் இல்லை. 0.68 என்ற எண்ணுக்குள் ஒளிந்திருந்தது இந்த 106 உயிர்களே என்று எண்ணும்போது, எண்களோடு பழகிய நம் நெஞ்சம் நடுங்குகிறது.

முப்பது ஆண்டுகள் கழித்து, 2004-இல், ஆப்பிரிக்கக் கென்யாவின் கீழைப் பகுதியில் இதே துயரம் மீண்டும் நிகழ்ந்தது. 317 பேர் நோயுற்று 125 பேர் மாண்டனர். அங்கும் மக்காச்சோளமே. நோயுற்ற வீடுகளில் பல, ஈரமான சோளத்தைக் காற்றாடும் களஞ்சியத்தில் வையாமல் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தன. பஞ்ச காலத்தில் திருட்டுக்கு அஞ்சுவது மனித இயல்பன்றோ? அச்சமும் ஒரு காரணமாயிற்று.

விடை

இவ்வரலாறு முழுவதையும் ஒருங்கே நோக்கின், இல்லங்கள் தானியத்தைக் காப்பதற்குரிய காரணங்கள் ஒருவாறு புலனாகும். மழையும் மண்ணும் அறிந்த உள்ளூர்முறை ஒன்று. உலர்த்துவதற்கு இடமும் வெயிலும் மற்றொன்று. கடன் நெருக்காத நிலை வேறொன்று. காயும்வரை பசியாற்றப் பழைய கையிருப்பு பின்னொன்று. களவு அஞ்சாத வாழ்வும் வேண்டும். குதிரின் திறவுகோலைக் கையில் வைத்து, எப்போது திறப்பது, எதைக் களைவது என்று முடிவு செய்யும் உரிமை பெற்ற இல்லத்தரசியும் வேண்டும். எல்லா வீட்டிலும் நெல்லின் வாடையை முதலில் அறிபவள் அவளே. அவள் சொல்லுக்கு மதிப்புள்ள வீட்டில் கெட்டது உலையேறாது.

அறிவுரை இவற்றுக்குப் பின்னரே வரும். அறிவுரை வேண்டாம் என்பதன்று நம் கருத்து. வறியவனிடம் அறிவுரையை மட்டும் நீட்டுவது நீதியாகாது என்பதே கருத்து. இன்றும் காவிரிப் படுகையில் அறுவடைக் காலத்து மழை வந்துவிட்டால், கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காடு ஈரம் என்னும் வரம்பைத் தளர்த்துமாறு உழவர் வேண்டி நிற்கின்றனர். அவர்களுக்கு நெல்லைக் காய வைக்கத் தெரியாது என்றா பொருள்? காய வைக்க வெயிலும் களமும் கூரையும் இல்லை என்பதே பொருள். ஊருக்கொரு உலர்களமும், பொதுவான உலர்த்தும் எந்திரமும், கெட்டதை எறிந்தவனுக்கு மாற்றுத் தானியமும் கிடைக்குமாயின் பூசணம் தானே விலகும்.

நம் வீடுகளுக்கு

நாமோ இன்று உழுவதில்லை. இரண்டு அறை வீட்டில் குதிருக்கும் இடமில்லை. ஆயினும் மேற்கூறிய பேறுகளுள் பல நமக்கு உள்ளன. மாதச் சம்பளம் உண்டு. கெட்டதை எறியவும் இயலும். மொட்டை மாடியில் வெயில் உண்டு. ஆகவே நமக்குத்தான் சாக்குச் சொல்ல வழியில்லை.

ஊரிலிருந்து வந்த பொருளை மழைக்கு முன்பே இருமுறை வெயிலில் காட்டி, ஆறிய பின்னரே டின்னில் அடைக்க வேண்டும். சூட்டோடு அடைத்தால் மூடியில் நீர் கோக்கும். டின்னைச் சுவரை ஒட்டாமல் பலகைமேல் வைக்க வேண்டும். ஈரம் ஐயமாக இருப்பின், உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் சிறிது தானியமும் உலர்ந்த உப்பும் இட்டுக் குலுக்கிக் கால்மணி நேரம் விட்டுப் பார்க்கலாம். உப்பு புட்டியில் ஒட்டிக்கொண்டால் ஈரம் மிகுதி. இன்னும் ஒரு காய்ச்சல் தேவை. பச்சையோ கறுப்போ படர்ந்த கடலையைக் கழுவி வறுத்து உண்பது கூடாது. வெயிலில் இட்டால் ஈரம் போகும், நஞ்சு போகாது. மாட்டுக்கு இடுவதும் தீது. நஞ்சு பாலில் திரும்பி வரும்.

பாட்டி வீட்டு நெல் கெடாமல் கிடந்ததற்குக் குதிர் மட்டும் காரணமன்று. அதைக் காய வைக்க அவளுக்கு முற்றம் இருந்தது. மூன்று நாள் பொறுக்க வீட்டில் பழைய நெல் இருந்தது. அவை இல்லாத வீடும் அதே தெருவின் கோடியில் இருந்திருக்கும். அவ்வீட்டைப் பற்றி நாம் கேட்டதில்லை. பஞ்சமகாலின் 106 பேர் அத்தகைய வீட்டினர். அடுத்த மழைக்காலத்தில் டின்னின் மூடியைத் திறக்கும்போது, நம் கடலையை மட்டுமன்றி, எறிய இயலாத அவ்வீட்டையும் ஒரு கணம் நினைப்போமாக.